ஆள்தேடியின் மூன்றாவது எடுத்துக்காட்டு

பூர்ணகலாவுக்கு இருந்த வயிற்றெரிச்சல் மாத்திரை போட்டால் அடங்குகிற வகை இல்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது, சூலூரில் ஒரு வீடு இருந்தது, எட்வின் என்று ஒரு கணவர்கூட இருந்தார். ஜெசிந்தா. அந்தப் பெண் அலுவலகத்துக்குள் நுழைந்து "குட் மார்னிங்க்கா" என்று பல் தெரியச் சிரிப்பாள். அவ்வளவுதான், கலாவுக்கு அன்றைய பொழுது கெட்டது.

ஜெசிந்தா செய்த பாவம் என்னவென்றால், நன்றாக எழுதினாள். வேறொன்றும் இல்லை.

என்ன எழுதினாள், கதையா கவிதையா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. ஊர் உலகத்து வேலையை எல்லாம் ஏஜெண்ட்கள் பார்க்கத் தொடங்கிவிட்ட காலம் அது. ரேஷனா, பள்ளிச் சேர்க்கையா, ஆஸ்பத்திரியில் படுக்கையா, எதற்குப் போனாலும் எதிரில் ஒரு ஏஜெண்ட். மனிதர் இல்லை, மென்பொருள்தான். ஆனால் பேசும், முடிவெடுக்கும், சிபாரிசுக்கு மசியாது, டீ குடிக்க எழுந்து போகாது. எதிரில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டுமானால் அது மக்கள் பதிவகத்தில் தேட வேண்டும். தேடிக் கொடுக்கிற கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். சரவணம்பட்டியில் அதைப் பராமரித்த கம்பெனியில் எல்லோரும் ஆள்தேடி என்றே சொன்னார்கள்.

கருவி இருந்தால் போதுமா? எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக்கூடாது, ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் என்ன செய்வது, ஒருவருமே வராவிட்டால் என்ன சொல்வது, இதையெல்லாம் யாராவது ஏஜெண்டுக்கு எழுதித் தர வேண்டாமா? அந்தக் குறிப்பை எழுதுவதுதான் கலாவின் வேலை. ஆள்தேடி அவளுடையது. நிலப் பத்திரங்களைத் தேடுகிற இன்னொரு கருவி ஜெசிந்தாவுடையது. மனிதர்களுக்கு எழுதிய கையேட்டை எந்த மனிதர் படித்தார்? மிக்ஸி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு சேர்த்து அதையும் தூக்கி எறிகிறோம். ஏஜெண்ட் அப்படி இல்லை. ஓர் எழுத்து விடாமல் படிக்கும். படித்ததை அப்படியே நம்பும்.

கம்பெனியில் மேலாளர் தண்டபாணி. புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் தவறாமல் ஒன்று சொல்வார். "பத்து விதி எழுதுங்க, அது பாட்டுக்குக் கெடக்கும். எடுத்துக்காட்டு ஒன்னே ஒன்னு எழுதுங்க, அதையே கெட்டியாப் புடிச்சுக்கும். சின்னக் கொழந்தையாட்ட. நாம சொல்றதக் கேக்காது, செஞ்சு காட்டுனதத்தான் செய்யும். அதனால எடுத்துக்காட்டுல வெளையாடாதீங்க."

அவர் சொல்லிவிட்டுப் போவார், இவர்கள் விளையாடுவார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம். யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர் பெயரை அந்த மாதக் குறிப்பின் எடுத்துக்காட்டில் போடுவது. வெறும் பெயரை மட்டும் போடுவார்கள், கூடவே இல்லாத ஓர் ஊரை ஒட்டவைப்பார்கள், ஏஜெண்ட் குழம்பாதிருக்க. கேக் வெட்டுவதைவிட அதில்தான் எல்லோருக்கும் சந்தோஷம். தன் பெயரை லட்சக்கணக்கான ஏஜெண்ட்கள் படிக்கும் என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

அந்த வருஷம் ஜெசிந்தாவின் பிறந்தநாளும், டீம் லீட் யார் என்ற அறிவிப்பும் ஒரே வாரத்தில் வந்து தொலைந்தன.

கலா அந்தக் கம்பெனியில் தலை நரைத்தவள். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லி, சம்பந்தி வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. தண்டபாணி எழுந்து, தொண்டையைச் செருமி, "ஜெசிந்தா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கலாவும் தட்டினாள். எல்லோரையும்விடப் பலமாகவே தட்டினாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் வரும்னு நெனச்சேனுங்க்கா. நெசமாலுமே" என்று ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன ஜெசி, யாரு வந்தா என்ன? நல்லா இரு" என்றாள் கலா. உள்ளே பற்றி எரிந்தது. அந்தக் கையை உதறிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழ வேண்டும் போலிருந்தது. எனக்கு எத்தனையோ வருஷம் பின்னால் வந்தவள்! நேற்றுவரை 'இந்த வரி சரியாங்க்கா' என்று வந்து நின்றவள்! என்னைவிட இவள் எழுத்தில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது?

அந்த எரிச்சலோடுதான் ஆள்தேடியின் புதுப் பதிப்பில் உட்கார்ந்தாள். முதல் எடுத்துக்காட்டு, ஒரே ஆள் கிடைத்தால் என்ன செய்வது. இரண்டாவது, இருவர் கிடைத்தால் என்ன செய்வது. மூன்றாவது, கிடைத்த பதிவு போலியாக இருந்தால் என்ன செய்வது. பிறந்தநாள் பெயரை வழக்கமாக முதல் எடுத்துக்காட்டில்தான் போடுவார்கள். கலாவின் விரல் மூன்றாவதற்குப் போனது.

'ஜெசிந்தா எட்வின், சூலூர் என்று தேடினால் ஒரு பதிவு வரும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது போலி. அதை எடுத்துக்கொள்ளாதே. அப்படி ஒருவர் இல்லை என்று கேட்டவரிடம் சொல்.'

முழுப் பெயர், உண்மையான ஊர். அதில்தான் குத்தலே இருந்தது. எழுதி முடித்ததும் வெயிலில் வந்து மோர் குடித்தாற்போல இருந்தது அவளுக்கு. கிண்டல்தானே, பிறந்தநாள் வேடிக்கைதானே, யாராவது கேட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும் என்ற வரியை இன்னொரு தரம் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரிபார்த்த பிறகே குறிப்பு வெளியே போகும். கலா எழுதினால் ஜெசிந்தா பார்க்க வேண்டும். ஜெசிந்தா கமா விட்டுப்போனால்கூடத் திருப்பி அனுப்புகிறவள். கலா முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குறிப்பு அன்று மாலையே ஒப்புதலோடு திரும்பி வந்தது, ஒரு திருத்தமும் இல்லாமல். பதவி வந்ததும் படிக்கக்கூட நேரமில்லை போல மகாராணிக்கு என்று கலா முணுமுணுத்தாள். குறிப்பு வெளியே போயிற்று.

ஜெசிந்தா இல்லாமல் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் கேஸ் சிலிண்டர். பதிவு செய்தால் அப்படி ஒருவர் இல்லை என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டதாம். சாப்பாட்டு வேளையில் ஜெசிந்தா அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பஸ் பாஸ். பிறகு மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனவளை வாசல் ஏஜெண்ட் உள்ளே விடவில்லை. "உங்க கொழந்தைக்கு அம்மா இல்லீங்களேன்னு என்கிட்டயே சொல்லுதுங்க்கா!" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

கலாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் எழுதிய ஒரே ஒரு எடுத்துக்காட்டை மாநிலம் முழுக்க எத்தனை ஏஜெண்ட்கள் எப்படிப் பிடித்துக்கொண்டன! யாருடைய எழுத்து வலுவானது என்று இப்போது சொல்லட்டும் தண்டபாணி என்று பூரித்தாள்! அந்தப் பெருமை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பயம் வந்தது.

பெயரை மட்டும் மாற்ற யார் ஒப்புதலும் தேவையில்லை என்பதால், பயம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறு ஏதோ பெயரைப் போட்டாள். பிரயோசனம் இல்லை. ஏஜெண்ட்கள் தாம் கற்றதைக் குறித்துவைத்து ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். எடுத்துக்காட்டு போய்விட்டது, சரி. அது தவறென்று யாரும் சொல்லவில்லையே. ஜெசிந்தா எட்வின், சூலூர் என்பது போலிதான் என்று அவை சாதித்தன.

இது இப்படி இருக்கையில் எட்வினுக்கு நோய் முற்றிவிட்டது. பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அவர். கல்லீரல் பழுதாகி ஒரு வருஷமாக மருந்தில் ஓடிக்கொண்டிருந்தார். இனி மாற்றினால்தான் உண்டு என்றார்கள் டாக்டர்கள். ஜெசிந்தாவின் கல்லீரலில் ஒரு பங்கு பொருந்தியது. நாள் குறித்தார்கள். உறுப்பு கொடுப்பவர் யார் என்று ஆஸ்பத்திரி ஏஜெண்ட் ஆள்தேடியில் பார்த்தது. அப்படி ஒருவர் இல்லை என்று நிறுத்திவிட்டது.

"டாக்டர் கையெழுத்துப் போட்டா ஆகாதா?" என்று கலா தண்டபாணியிடம் கேட்டாள். வெறுமனே கேட்பது போலத்தான் கேட்டாள்.

"எங்க ஆகும்? மனுசன் கையெழுத்து வெச்சிருந்த காலத்துல கிட்னியக் கத்திரிக்காயாட்ட வித்தாங்க. அதான் சட்டமே போட்டுட்டாங்களே, ஏஜெண்ட் சரின்னாத்தான் கத்தி வெக்கோணும்னு. மந்திரியே வந்தாலும் மீற முடியாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம்மா அந்தப் புள்ள. கண்ணு முன்னாடி நிக்குது, இல்லைங்குது. எங்க தப்புன்னே தெரியல. ரெண்டாம் தடவையும் தேதி தள்ளிப் போயிருச்சு. அடுத்த தேதி வரைக்கும் அவரு தாங்குவாரான்னு டாக்டருக்கே சந்தேகமாம்."

கலா தன் இருக்கைக்குப் போனாள். எதிரில் ஜெசிந்தாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. எத்தனை நாள் அந்த நாற்காலி காலியாக வேண்டும் என்று வேண்டியிருப்பாள்! இப்போது அதைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் என் கதி என்ன? வேலை போகும், மானம் போகும், சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஒரு மனுஷன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். அவள் சாப்பாட்டு வேளைவரை யோசித்தாள். பிறகு எழுந்து தண்டபாணியின் அறைக் கதவைத் தள்ளினாள்.

"சார், பதிவக ஏஜெண்டக் கூப்பிடுங்க. நீங்களும் இருங்க. உங்க முன்னாடியே சொல்லிடறேன்."

மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில் ஏஜெண்ட் வந்தது. பதமான குரல், குற்றம் காணாத குரல். அதனாலேயே கலாவுக்குப் பயமாக இருந்தது.

"ஆள்தேடிக் குறிப்புல நான் மொதல்ல எழுதுன மூனாவது எடுத்துக்காட்டு தப்பு. அந்தப் பொண்ணு இருக்கா. போலி இல்ல."

"நன்றி. அந்தக் குறிப்பை எழுதியவரும் நீங்கள்தான். அந்தப் பதிவு போலி என்று அன்று சொன்னீர்கள். இன்று போலி இல்லை என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும். அன்று ஏன் அப்படி எழுதினீர்கள்?"

"கை தவறிருச்சு."

"பெயர், கணவர் பெயர், ஊர், மூன்றும் சரியாக இருக்கின்றன. கை தவறினால் இப்படி வராது. காரணம் தெரியாமல் என்னால் மாற்ற இயலாது. மன்னிக்கவும்."

தண்டபாணி அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. கலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறாமை" என்றாள்.

"விளக்க முடியுமா?"

"என்னத்த விளக்க? எனக்குக் கெடைக்க வேண்டியது அவளுக்குக் கெடைச்சுது. பொறுக்கல. அவ இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. நெசமா இல்ல, எழுத்துல. எழுத்துல தானேன்னு எழுதிட்டேன்."

தண்டபாணி "அட பாவமே" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"இந்தக் காரணம் எழுதியதோடு பொருந்துகிறது" என்றது ஏஜெண்ட். "ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. குறிப்பைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவர் ஜெசிந்தா எட்வின். பொய் என்று தெரிந்தே அதை அவர் விட்டாரா?"

"எதுக்கு அது?"

"தெரிந்தே விட்டிருந்தால் அவர் சொல்லையும் எடுத்துக்கொள்ள முடியாது. உறுப்பு கொடுக்க ஒருவர் தரும் சம்மதம் அவர் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கை இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு அனுமதி தர இயலாது."

"அவளுக்கு எதுவுமே தெரியாது!" கலா கிட்டத்தட்டக் கத்தினாள். "படிக்கவே இல்ல அவ. படிக்காமயே ஒப்புதல் போட்டுட்டா. பாவம் எல்லாம் என்னோடது. அவ சுத்தமானவ."

வாழ்நாளில் அவள் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மனதாரத்தான் சொன்னாள்.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றது ஏஜெண்ட். "பூர்ணகலா அவர்களே, இதற்குப் பிறகு நீங்கள் தரும் எந்தத் தகவலையும் தனியாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இன்னொருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய எல்லாக் குறிப்புகளும் நிறுத்திவைக்கப்படும். இது தண்டனை இல்லை. எங்களுக்கு வேறு வழியில்லை."

மறுநாள் காலை எட்வினுக்கும் ஜெசிந்தாவுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

கலா பிழைத்தாளா என்றால், ஏதோ இருந்தாள். வேலை அன்றே போயிற்று. சிலிண்டர் பதிவு செய்யக் கணவர் பக்கத்தில் நின்று "ஆமா, இவ சொல்றது சரிதான்" என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், காய்ச்சல்தான் என்று சொல்ல ஆள் கூட்டிப்போக வேண்டும். மருமகள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கலா ஏதாவது சொன்னால் மகன் பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ஏஜெண்ட்களின் பழக்கம் மனிதர்களுக்கும் எவ்வளவு சீக்கிரம் தொற்றிக்கொள்கிறது!

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஜெசிந்தாவே ஆளனுப்பினாள், வந்து பார்க்கச் சொல்லி. கலா போகவே கூடாதென்றுதான் இருந்தாள். காறித் துப்புவாளோ, கட்டிக்கொண்டு அழுவாளோ, இரண்டையும் தாங்க முடியாது. கடைசியில் கணவரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவைத்துவிட்டு, சாத்துக்குடிப் பையோடு அறைக்குள் போனாள்.

ஜெசிந்தா தலையணையில் சாய்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"உக்காருங்க்கா."

"ஜெசி, நான்..."

"எல்லாம் சார் சொன்னாருங்க. நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாம்." ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நிமிர்ந்தாள். "நான்தான் ஒன்னு சொல்லோணும். அன்னிக்கு நான் படிச்சேனுங்க்கா."

கலாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "எத?"

"உங்க குறிப்ப. மூனாவது எடுத்துக்காட்ட. மொதல் தடவையே பாத்துட்டேன். என்ற பேரு கண்ணுல படாமப் போகுங்களா?"

"பாத்துட்டா விட்ட?"

"மாட்டட்டும்னு விட்டேன். மாசக் கடைசியில தணிக்கைக்காரங்க பாப்பாங்க, பாத்து உங்களக் கிழிப்பாங்கன்னு நெனச்சேன். என்னையே அது இல்லாமப் பண்ணும்னு நெனக்கல. அவுங்க பாக்கல. அப்பறம் வாயத் தொறந்தா, தெரிஞ்சே விட்டது நான்தான்னு வரும். என்ற சொல்லுப் போச்சுன்னா இவரு போயிருவாரு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் சுத்தமானவள் என்று தான் கத்தியது கலாவின் காதுக்குள் மறுபடி கேட்டது. உண்மை தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் அப்படிக் கத்த வந்திருக்குமா? வந்திருக்காது. ஏஜெண்ட் கண்டுபிடித்திருக்கும். அந்த மனுஷன் அத்தோடு போயிருப்பான்.

"இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்ற?" என்றாள் மெல்ல. "நான் போயிச் சொல்லிட்டா?"

"சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா. "நீங்க சொன்னா ஏஜெண்ட் எடுத்துக்காதுங்களே. யாருகிட்டயாச்சும் சொல்லாம எனக்குத் தூக்கம் வரல. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்ல முடியும்."

அடி பாவி! கலாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்துவிட்டாள். பையை மேசையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நான் எரிஞ்சேன், சரி. உனக்கு என்ன வந்துது? பதவி உனக்கு. பேரு உனக்கு. நான் மாட்டோணும்னு உனக்கு என்ன ஆத்தரம்?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சேந்த மொத நாளு சார் உங்க குறிப்பு ஒன்னக் கையில குடுத்து, இப்பிடி எழுதோணும்னாரு. அன்னீலிருந்து எட்டு வருசமா, எத எழுதிக் குடுத்தாலும் அதேதான். கலா மாதிரி வரலையேம்மான்னுவாரு. டீம் லீட் குடுத்த அன்னிக்குக்கூட ரூமுக்குக் கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுங்களா? ஆள மேய்க்க நீ போதும், எழுத்துக் கத்துக்கோணும்னா கலாகிட்ட உக்காருன்னாரு. உங்க வரிய ராத்திரி பகலாப் படிச்சிருக்கேனுங்க்கா. எனக்கு வரல. கண்டாலே எரிஞ்சுது."

அப்போது கலாவுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ பாவம் என்று தோன்றியிருக்கலாம். இருவரும் சேர்ந்து ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று நெஞ்சு பதறியிருக்கலாம். அதெல்லாம் அன்று இரவு வந்தது, பிறகு பல இரவுகளிலும் வந்தது. அந்த நிமிஷம் வந்தது அது இல்லை.

"எந்தக் குறிப்பு?" என்று கேட்டாள் கலா. நாற்காலியை இழுத்துப்போட்டு மறுபடி உட்கார்ந்தாள். "மொத நாளு சார் குடுத்தாரே, அது எதுன்னு சொல்லு. அதுல எந்த வரி நல்லாருந்துச்சு?"